வெளிச்சத்துக்குக் காகிதத் தட்டு

வடக்கே, வடக்குக்கும் வடக்கே, இன்னும் ஓர் அடி எடுத்து வைத்தால் தெற்கு தொடங்கிவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்கு வடக்கே, குளிர்காலம் வந்தால் சூரியன் கடையைச் சாத்திச் சாவியையும் எடுத்துக்கொண்டு போய்விடுகிற ஒரு நார்வே நாட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு, வானத்தில் பச்சை வெளிச்சம் ஆடுவதைப் பார்ப்பதற்கென்று தமிழ்நாட்டிலிருந்து எட்டுப் பேர், ஒரு சமையல்காரரையும் ஒரு மூட்டை பொன்னி அரிசியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஏழு பேர் வெளிச்சம் பார்க்கப் போனவர்கள். எட்டாவது ஆளான தூத்துக்குடி மாடக்கண்ணு, வாயை மூடிக்கொண்டு இருப்பதற்காகப் போனார்.

அந்த வாய் லேசுப்பட்ட வாய் அல்ல. கைத்தராசும் சாக்குமாகத் தெருத்தெருவாய்ப் பழைய இரும்பு கேட்டு அலைந்த பொடியன், துறைமுகத்தில் கழித்துப்போட்ட கிரேனை நின்ற நிலையில் விலைபேசித் தூக்குகிற முதலாளி ஆனது அந்த வாயால்தான். சுங்க அதிகாரியில் தொடங்கி சோடா விற்பவர் வரைக்கும் அதனிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் ஊரில் குறைவு. அதற்குப் பூட்டுப் போட்டவள் முத்தரசி. தாயில்லாமல் அவர் வளர்த்த ஒற்றை மகள், கோயம்புத்தூரில் கண் டாக்டர், கூடப் படித்த பிரணவைக் கட்டிக்கொள்ள இருந்தாள். பிரணவின் அப்பா வைத்தியலிங்கம் சென்னையில் பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா சௌந்தரவல்லி அதே உத்தியோகத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். “நாங்க நார்வே போறோம், சின்ன குரூப்தான், நீங்களும் வாங்களேன் சம்பந்தி” என்று சௌந்தரவல்லி ஒருநாள் போனை வைக்கப்போகிற நேரத்தில் சொன்னார். மாடக்கண்ணு மறுநாளே டிக்கெட் போட்டுவிட்டார்.

விமான நிலைய வாசலில் முத்தரசி அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, ஒரே ஒரு வாரம். பேரம் பேசக் கூடாது. சத்தம் போடக் கூடாது. யாரையும் ‘என்னவே’ன்னு கூப்பிடக் கூடாது. நீங்க ஒரு தடவ வெடிச்சா என் கல்யாணம் அதோட முடிஞ்சிரும்.”

“நான் எங்கட்டி வெடிக்கேன்? அவனவன்லா தீக்குச்சியோட வாரான்.”

“அப்பா.”

“சரி. வாயத் திறக்கல. சோறு திங்கதுக்கு மட்டும் திறந்துக்கிடுதேன்.”

அந்தச் சோற்றிலேயே சோதனை வந்தது. அந்நிய நாட்டுத் தட்டில் யார் யார் எதை எதைத் தின்றார்களோ என்று சௌந்தரவல்லி சென்னையிலிருந்தே எவர்சில்வர் தட்டுகளைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். முதல் சாப்பாட்டில் எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தவர் மாடக்கண்ணு முன்னால் வந்ததும் கையைப் பிசைந்தார். “ஒண்ணு குறைஞ்சுபோச்சு சம்பந்தி, தப்பா நினைச்சுக்காதீங்க” என்று ஒரு காகிதத் தட்டை நீட்டினார். மாடக்கண்ணு தப்பாக நினைக்கவில்லை. எண்ணிக்கை பிசகுவது வியாபாரத்தில் சகஜம். அடுத்த வேளையும் பிசகியது. அதற்கடுத்த வேளையும் பிசகியது. அவர் சாம்பாரில் ஊறித் தொங்குகிற தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மகளை நினைத்துக்கொண்டு, மென்று விழுங்கினார்.

வழிகாட்டியாக வந்தவர் குலேந்திரன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தத் துறைமுகத்து மீன் தொழிற்சாலையில் பாதி ஆயுளுக்கு மீன் வெட்டிவிட்டு, மீதி ஆயுளுக்காக ஒரு வேன் வாங்கியிருந்தவர். அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்.

“வானத்தில என்ன வந்தாலும் பாருங்கோ, படம் எடுங்கோ. விசில் மட்டும் அடிச்சுப் போடாதேங்கோ. விசிலடிச்சா இறங்கி வந்திடும் எண்டு இஞ்சத்தச் சனம் சொல்லும்.”

கௌரவமான குடும்பத்து ஆட்கள், யாரும் விசிலடிக்கவில்லை. வானமும் எதையும் காட்டவில்லை. மதியத்திலேயே இருட்டிக் கிடந்த அந்த ஊரின் ஒவ்வொரு மேட்டிலும் வேனை நிறுத்தி, பஞ்சு மூட்டைகளுக்குக் கைகால் முளைத்த மாதிரி இறங்கி, போனை வானத்துக்குக் காட்டி, வானம் தன்னைப் பார்க்க வந்தவர்களின் தகுதி தெரியாமல் காக்கவைப்பதாகக் கோபித்துக்கொண்டு ஏறினார்கள். “இதுக்கு மேலதிகாரி யாரு?” என்று வைத்தியலிங்கம் கேட்டார். “காசு வாங்கினவங்க காட்டோணுமல்லங்க?” என்றார் கூட வந்திருந்த கரூர் நூல்மில்காரர். துருப்பிடித்த இரும்பைக்கூட உரசிப் பார்த்து வாங்குகிற உலகத்தில், படத்தைப் பார்த்து வெளிச்சம் வாங்கிய இந்தக் கூட்டத்தை மாடக்கண்ணு மனதுக்குள் மொத்தமாக எடைபோட்டார். கழிவு போகப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு, கும்மிருட்டில், கடலோரப் பனியில் வேனை நிறுத்தியிருந்தார்கள். சமையல்காரர் செல்லையா வேனுக்குள்ளேயே புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் பரிமாறிக்கொண்டிருந்தார். அப்போது தூரத்து மலைமேல் மெலிசாக, வாழைக்குருத்துப் பச்சையில், ஓரத்தில் கொஞ்சம் ரோஸ் நிறத்தோடு, போகிற போக்கில் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒரு வெளிச்சம் தலைகாட்டியது. எல்லாரும் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனைத் தேடினார்கள். சௌந்தரவல்லியின் கையில் மட்டும் கவளம் இருந்தது. தபால்காரர் வந்தாலும், மின்சாரக் கணக்கு எடுக்கிறவர் வந்தாலும், எதிர்வீட்டுக்காரி கறிவேப்பிலை கேட்டு வந்தாலும், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் கண்ணில் பட்டாலும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், அது தன்பாட்டுக்குச் சொன்னது:

“வாங்க, சாப்பிடலாம்.”

வெளிச்சம் ஆடுவதை நிறுத்தியது. பிறகு மலையை விட்டு இறங்கியது. தூரத்தில் ஊரளவு இருந்தது கிட்ட வரவர ஆளளவாகி, புதுப் புடவையை உதறுகிற சத்தத்தோடு பனியைக் கடந்து வந்து, வேனுக்குள் ஏறி, காலியாக இருந்த சீட்டில் உட்கார்ந்தது. செருப்பு இல்லாததால் கழற்றிவிட்டு வரும் சிரமம் அதற்கு இல்லை.

“இதென்ன குலேந்திரன்?” என்றார் வைத்தியலிங்கம்.

“வேறென்ன ஐயா, கூப்பிட்டியள், வந்திருக்கு. இவ்வளவு காலமும் வாற ஆக்கள் எல்லாம் அண்ணாந்து பாத்துப்போட்டுப் போறவைதான். சாப்பிடக் கூப்பிட்டவை ஒருத்தரும் இல்லை.”

செல்லையாவுக்கு உட்கார்ந்தது யாராக இருந்தாலும் ஒரு பந்தி ஆள், அவ்வளவுதான். “அவங்களுக்குக் காரம் ஆகுமாங்கம்மா?” என்று கேட்டார். சௌந்தரவல்லி பையைத் திறந்து, மூடி, கையைப் பிசைந்து, வெளிச்சத்தின் முன்னால் ஒரு காகிதத் தட்டை வைத்தார். எனக்கும் ஒரு ஜோடி கிடைத்தது என்று மாடக்கண்ணு நினைத்துக்கொண்டார். வெளிச்சம் தட்டின்மேல் குனிந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் அது நிமிர்ந்த பிறகு செல்லையா அந்தப் புளியோதரையை எடுத்து வாயில் வைத்துப் பார்த்தார். உப்பு இல்லை, புளி இல்லை, காரம் இல்லை. ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி உருவம் மட்டும் இருந்தது.

அன்றைக்கு அவர்கள் தங்கியிருந்த மரவீட்டில் சௌந்தரவல்லியின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. சென்னையில் இருக்கிற ஒவ்வொரு சொந்தத்தையும் வீடியோவில் கூப்பிட்டு, “எல்லாரும் பார்க்கத்தான் போவாங்க, எங்களைத் தேடி வந்துட்டாங்க” என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த வெளிச்சத்தைக் காட்டினார். ஆளாளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். குழுவில் இருந்த ரிஜிஸ்திராரின் மனைவி குங்குமச் சிமிழோடு வந்து, வைப்பதற்கு நெற்றி அகப்படாமல், நாற்காலிக்கு வைத்துவிட்டுப் போனார். ஆணா பெண்ணா என்று தெரியாததால் எல்லாரும் மரியாதைப் பன்மைக்கு வந்து சேர்ந்தார்கள். நூல்மில்காரர் அதனிடம் ஐரோப்பாவில் பின்னலாடை நிலவரம் எப்படி என்று விசாரித்தார். வைத்தியலிங்கம் எந்தப் புது ஆளிடமும் முதலில் கேட்பதைக் கேட்டார்.

“இவங்களுக்குப் பூர்வீகம் எது?”

“சூரியனில இருந்துதான் வாறது எண்டு படிச்ச ஆக்கள் சொல்லுறவை” என்றார் குலேந்திரன்.

வைத்தியலிங்கம் தலையாட்டினார். கொஞ்ச நேரம் யோசித்தார். “சூரியன்ல எந்தப் பக்கம்?” என்றார்.

வெளிச்சம் உள்ளே இருந்ததால் வெளியே வானம் வெறிச்சென்று கிடந்தது. பல தேசத்து வேன்களும் வந்து நின்று, பல பாஷைகளில் வானத்தைத் திட்டிவிட்டுப் போயின. கடைசியில் ஊர்க்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. அவர்கள் வியப்படையவில்லை, காணாமல் போன பசு பக்கத்துத் தெருவில் கட்டிக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள் மாதிரி இரண்டு பேர் வந்து, கம்பளித் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, நன்றாகச் சாப்பிடுகிறதா என்று மட்டும் கேட்டார்கள். பார்த்துவிட்டுப் போகலாமா என்றும் கேட்டார்கள். “எங்க கெஸ்ட்” என்று சொல்லி சௌந்தரவல்லி திரையை இழுத்து விட்டார்.

பெருமைக்கு ஆயுள் ஒரு நாள்தான். அதற்குப் பிறகு கணக்கு வேறு பக்கம் திரும்பியது. வெளிச்சத்தை அணைக்க முடியவில்லை. போர்வைக்குள் தலையை விட்டாலும் போர்வை பச்சையாக எரிந்தது, தூக்கம் போயிற்று. செல்லையா வைக்கிற ரசம் வெந்நீராயிற்று, ஊறுகாய் வெறும் மாங்காய்த் துண்டாயிற்று, ஏனென்றால் வெளிச்சத்துக்குப் பசி என்றால் அப்படியொரு பசி. ஆதிகாலம் தொட்டு உலகத்துக்கே வேடிக்கை காட்டிய அதை யாரும் ஒரு வாய் சாப்பிடச் சொன்னதில்லை. போதும் என்று சொல்லவும் அதற்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. “இன்னும் கொஞ்சம்?” என்று செல்லையா கேட்டால், பொய் சொல்லத் தெரியாத பிள்ளை மாதிரி மறுபடியும் குனிந்தது.

விருந்தாளியைப் போகச் சொல்லாமல் போகவைக்கிற வித்தை முழுவதும் அந்த வீட்டில் அரங்கேறியது. பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார்கள். அது இருக்கிற பக்கம் திரும்பிக் கொட்டாவி விட்டார்கள். “உங்களுக்கு அங்க எவ்வளவு வேலை கிடக்குமோ” என்று கரிசனப்பட்டார்கள். “அடுத்த தடவை நிதானமா தங்கற மாதிரி வரணும்” என்றார் சௌந்தரவல்லி, வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, பனி உள்ளே வர. வெளிச்சம் எதையும் புரிந்துகொள்ளாமல் அவரைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பிரகாசமாயிற்று. மாடக்கண்ணு மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீடு பார்க்க சென்னைக்குப் போயிருந்த அன்றும் இப்படித்தான் அடிக்கடி பாத்திரச் சத்தம் கேட்டது. வேலைக்காரிக்குக் கை பதமில்லை என்று அன்றைக்கு நினைத்திருந்தார்.

புறப்படுகிற நாள் வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்படியில் கூடிக் குசுகுசுவென்று ஒரு திட்டம் போட்டார்கள்: வெளிச்சத்துக்கு முதலில் பரிமாறிவிடுவது, மற்றவர்கள் வாசலில் நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொள்வது, அது குனிந்து சாப்பிடுகிற நேரத்தில் சத்தமில்லாமல் வேனில் ஏறிவிடுவது. “சொல்லிட்டுப் போனா கூட வந்துடும்” என்றார் வைத்தியலிங்கம். மாடக்கண்ணு கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். மகள் கல்யாணம், மகள் கல்யாணம் என்று ஒவ்வொரு பல்லுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் நூல்மில்காரர் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு, கையுறையோடு பிடித்ததால் வழுக்கி, படியில் விழுந்து, பனியில் சக்கரமாய் உருண்டு, கடலில் போய் விழுந்தது. “அடடா, பரவால்லண்ணா, இருங்க” என்று சௌந்தரவல்லி பையைத் திறந்து இன்னொரு தட்டை எடுத்து நீட்டினார். பை திறந்தபடி இருந்தது. உள்ளே இன்னும் ஓர் அடுக்கு பளபளத்தது.

மாடக்கண்ணு பையைப் பார்த்தார். கையில் ஊறித் தொங்குகிற காகிதத்தைப் பார்த்தார். உள்ளே மேஜையில், கதவைப் பார்க்காமல், முழு நம்பிக்கையோடு குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தார்.

“எண்ணிக்கை குறையுதுன்னீயளேம்மா” என்றார். “இது என்ன, பைக்குள்ள குட்டி போட்டுதா?”

“சம்பந்தி, ஒரு தட்டுக்குப் போய்...”

“தட்டக் குப்பையில போடுங்க! பழைய இரும்புக்காரன் நான், உங்க தட்டு அம்புட்டையும் எடைக்குப் போட்டாலும் என் பையனுவளுக்கு டீ வாங்கிக் குடுக்கத்தான் காணும். அந்தா உக்காந்து திங்குதே, அத ஆரு கூப்பிட்டது? தன்பாட்டுல மலை மேல கிடந்தத வாங்க வாங்கன்னு வரவச்சிட்டு, போட்டோ பிடிச்சு ஊருக்கெல்லாம் காட்டி முடிச்சிட்டு, பாதிப் பந்தியில விட்டுட்டு ஓடுதியளே! என்னவே வைத்தியலிங்கம், மேலதிகாரியத் தேடுனீரே, இப்பம் கூப்பிடும்வே உம்ம மேலதிகாரிய!”

“வார்த்தைய அளந்து பேசணும்” என்றார் வைத்தியலிங்கம், முகம் சிவந்து.

“அளந்துதான் பேசுதேன். என் பொழப்பே அளக்கது.”

சௌந்தரவல்லி பையை இழுத்து மூடினார். “ஒரு பேச்சுக்குக் கூப்பிடறதுதான்! எல்லாரையும்தான் கூப்பிடறோம். ஒரு பேச்சுக்கு வாங்கன்னா, உடனே கிளம்பி வந்துடறதா?”

வெளிச்சத்தைத்தான் சொன்னார். ஆனால் சொல்லும்போது மாடக்கண்ணுவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

மறுநாளே போட்ட டிக்கெட், அதற்கென்று வாங்கிய கம்பளிக் கோட்டு, ஊரெல்லாம் சொல்லிவிட்டு வந்தது, எல்லாம் மாடக்கண்ணுவுக்கு வரிசையாக ஞாபகம் வந்தது. வைத்தியலிங்கம் தொண்டையைச் செருமினார். “இத்தோட நிறுத்திக்குவோம். எல்லாத்தையும்” என்று சொல்லிவிட்டு வேனைப் பார்க்க நடந்தார். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு பின்னால் போனார்கள். செல்லையா அண்டாவைத் தூக்கப் போனவர், யோசித்து, அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

“அண்ணை, ஏறயில்லையோ?” என்றார் குலேந்திரன்.

“பந்தி முடியலைய்யா.”

“சரி. நான் இவையளை விட்டிட்டு வாறன். கதவைச் சாத்திப்போட்டு இருங்கோ, குளிரும்.”

மாடக்கண்ணு மகளைக் கூப்பிட்டார். கப்பலை விலைபேசுகிற குரல் அன்றைக்கு ஊசி விழுகிற சத்தத்தில் வந்தது.

“முத்து, வெடிச்சிட்டேன் தாயி. நின்னு போச்சு. நான்தான் கெடுத்துட்டேன்.”

அவள் அழவில்லை. “எதுக்குப்பா?” என்றாள்.

அவர் வெளிச்சத்தைச் சொன்னார். அதற்கு மேல் மறைக்க ஒன்றும் இல்லாததால் தட்டையும் சொன்னார்.

“காகிதத் தட்டா? எப்போருந்து?”

“மொத நாள்லருந்து.”

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீ சும்மா இருப்பியா? நீயே கல்யாணத்த நிறுத்திப்போடுவ.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“எனக்குக் காகிதக் கப்புப்பா. அவங்க வீட்டுக்குப் போறப்பல்லாம். கப்பு ஒண்ணு உடைஞ்சிருச்சு, தப்பா நினைக்காதம்மான்னாங்க. ஒவ்வொரு தடவையும் உடைஞ்சிருந்துச்சு. உங்ககிட்ட சொன்னா நீங்க நிறுத்திருவீங்கன்னு நானும் சொல்லல.”

நகத்தால் சுரண்டிப் பார்த்தே இரும்பின் ரகம் சொல்கிற மனுஷன், வீட்டுக்குள் இருந்த சரக்கை இத்தனை நாளாகப் பார்க்காமல் இருந்திருக்கிறார். மகள் அவருக்காக விழுங்கினாள், அவர் மகளுக்காக விழுங்கினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த வீட்டுக்காக எவ்வளவு காகிதத்தை மிச்சமில்லாமல் தின்று தீர்த்திருக்கிறார்கள்!

“பிரணவ் இங்கதான் இருக்கான். ஸ்பீக்கர்ல போடுறேன், இருங்க.”

பிரணவின் குரல் நல்ல குரல். பதமாக, படித்ததாக வந்தது. “அங்கிள், அம்மா அப்படித்தான். தப்பா எடுத்துக்காதீங்க. சும்மா வாய்ல வர்றதுதான், மனசுல ஒண்ணும் கிடையாது.”

“மனசுல ஒண்ணும் இல்லாம என்னைக் கூப்பிடாத பிரணவ்” என்றாள் முத்தரசி.

அவன் “முத்து, ப்ளீஸ், அது வெறும் வெளிச்சம்...” என்று தொடங்கினான். கதவு சாத்துகிற சத்தத்தில் மீதி கேட்கவில்லை. கோயம்புத்தூர்ச் சாலையின் ஹாரன்கள் கேட்டன.

“வெளிய வந்துட்டேன்ப்பா” என்றாள். இப்போதுதான் அழுதாள். “நீங்க வைக்காதீங்க. லைன்லயே இருங்க.”

“இருக்கேன்ட்டி. எங்க போவப் போறேன்.”

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மாடக்கண்ணு உள்ளே போனார். வெளிச்சம் தலைதூக்கிக் காலியான வாசலைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. அவர் அண்டாவிலிருந்து ஒரு கரண்டி சோறு எடுத்து அதற்கு வைத்தார். தனக்கும் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். “மெதுவா சாப்பிடும்வே. அவசரமில்ல” என்றார்.

அது மெதுவாகத்தான் சாப்பிட்டது. அவரும் சாப்பிட்டார். மகள் போனில் விசும்பி, மூக்கை உறிஞ்சி, ஓய்ந்து, கடைசியில் “அங்க என்னப்பா நடக்குது?” என்றாள். அந்த நேரத்தில்தான் வெளிச்சம் முதல்முறையாக இலேசாக அசைந்து, இதற்கு மேல் வேண்டாம் என்கிற மாதிரி தன் ஓரம் ஒன்றால் தட்டை மூடியது.

“சாப்பிட்டு முடிச்சிட்டு எந்திக்காரு” என்று மாடக்கண்ணு மகளிடம் சொன்னார்.

வாசலைத் தாண்டியதும் அது ஆளளவை விட்டுவிட்டது. கூரையளவு ஆயிற்று, மலையளவு ஆயிற்று, வயிறு நிறைந்த தெம்பில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பச்சையும் ரோஸும் ஊதாவுமாகப் புரண்டு, கடலையும் பனியையும் படகுகளையும் ஒரே நிறமாக அடித்துப்போட்டது. துறைமுகத்து வீடுகளிலிருந்து ஒவ்வொருவராகக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்கள். தொப்பிக்காரர் இருவரும் மாடக்கண்ணுவைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள்.

தூரத்து வளைவில் வேன் போய்க்கொண்டிருந்தது. உள்ளே நிறுத்துங்க நிறுத்துங்க என்று கத்தியிருப்பார்கள், குலேந்திரன் நிறுத்தவில்லை. ஜன்னல்கள் எல்லாவற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போன் ஃப்ளாஷ்கள் வெட்டி வெட்டி அணைந்தன. இருட்டில், அடைத்த கண்ணாடிக்கு உள்ளே இருந்து ஃப்ளாஷ் அடித்தால் படத்தில் என்ன விழும் என்று மாடக்கண்ணுவுக்குத் தெரியும். வாயைப் பிளந்துகொண்டு அவரவர் முகம்.